பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ராணுவ உளவும் தகவல் போரும்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கோபி_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். வேறு ஆள் இல்லாததால் என்சிசி பொறுப்பும் என் தலையில்தான். சனிக்கிழமை பரேடு முடிந்ததும் கேடட்களுக்கு ஒரு மணி நேரம் ஏதாவது பேச வேண்டும். இந்த முறை என்ன வேண்டும் என்று கேட்டேன். "மிலிட்டரி இன்டெலிஜென்ஸ் பத்திச் சொல்லுங்க மிஸ்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் இதைப் பேச ஆசைதான். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் இந்தப் பிள்ளைகள் வைத்த ஸ்டேட்டஸ்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கராச்சி துறைமுகம் எரிகிறது என்று ஒரு பையன் வீடியோ போட்டிருந்தான். அது அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் அந்த ஜனவரியில் ஒரு சிறிய விமானம் விழுந்து எரிந்த வீடியோ.

நெட்டில் தேடினால் முக்கோணமும் அம்புக்குறியும் போட்ட பிபிடிதான் கிடைக்கிறது. ராணுவ உளவு என்றால் இன்னது, அதில் நாலு வகை, தகவல் போர் என்றால் இன்னது, அதில் ஆறு வகை. இதை ஓட்டினால் முதல் வரிசையே தூங்கிவிடும். பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம். எங்கே ஆரம்பிப்பது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

பழைய_சிக்னல்காரன்:

டீச்சர், வணக்கமுங்க. எனக்குப் பெருந்துறைப் பக்கம் தோட்டம். ராணுவத்தில் வயர்லெஸ், தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து சுபேதாராக பென்ஷன் வாங்கி வந்தவன். எந்த யூனிட், எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் மஞ்சள் விலையைப் பற்றித்தான் பேசுவேன்.

பிபிடி வேண்டாம். கோட்டு சூட்டு போட்ட உளவாளி படமும் வேண்டாம். சினிமாவில் ஒருத்தன் சுவரேறிக் குதித்து ஒரு பைலைத் திருடி வருகிறான், அதோடு போர் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படி முழு பைல் யாருக்கும் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பாதி பழையதாக இருக்கும், கொஞ்சம் பொய்யாகவும் இருக்கும். அதையெல்லாம் வைத்து "நாளைக்கு எதிரி என்ன செய்வான்" என்று தளபதிக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குத்தான் ராணுவ உளவு என்று பெயர். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி பூராவும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அதில் ஒருத்தன்.

வகுப்பில் முதலில் இதைச் செய்யுங்கள். கரும்பலகையில் ஒரு வீட்டு போனின் பட்டியல் எழுதுங்கள். யாருக்குப் பேசினார்கள், எந்த நாள், எவ்வளவு நேரம் என்பது மட்டும். என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை கூட வேண்டாம். முதலில் சோசியர். இரண்டு நாள் கழித்து மண்டபத்து மேனேஜர். அப்புறம் அச்சகம், சமையல் மாஸ்டர், ஈரோட்டு ஜவுளிக்கடை. கடைசியில் நம்ம கொங்குக் கல்யாணச் சீரை நடத்தி வைக்கும் அருமைக்காரர். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அருமைக்காரர் என்று படித்ததுமே "கல்யாணம்" என்று கத்திவிடுவார்கள். அதோடு விடாதீர்கள். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? தேதி கிட்டத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? திடீரென்று இரண்டு நாள் ஒரு போன் கூட இல்லை என்றால் என்ன நடந்திருக்கும்? ஒவ்வொருத்தனும் ஒன்று சொல்வான். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வயர்லெஸ்ஸில் இதற்கு டிராஃபிக் அனாலிசிஸ் என்று பெயர். சங்கேதத்தை உடைக்க முடியாத நாளிலும் எந்த நிலையம் எதோடு பேசுகிறது, பேச்சு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். எப்போதும் சளசளவென்று பேசும் நிலையம் திடீரென்று வாயை மூடினால், கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும்.

இது பிள்ளைகளுக்குப் பிடிபட்டதும் அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்: "எதிரியும் நம்மளைப் பத்தி இதே மாதிரி பட்டியல் போடுவானே சார்?" போடுவான். அங்கேதான் காஜி கதையைச் சொல்ல வேண்டும்.

1971 நவம்பரில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி கராச்சியிலிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. குறி நம்முடைய விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த். கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டார். ஆனால் அது விசாகப்பட்டினம் அருகிலேயே இருப்பதாக ஒரு நாடகம் நடத்தினார். ராஜ்புத் என்ற பழைய கப்பலை அனுப்பி, விக்ராந்த் பேசுவது போல வயர்லெஸ்ஸில் ஏகப்பட்ட செய்தி அனுப்ப வைத்தார். விசாகப்பட்டின ஒப்பந்தக்காரர்களிடம் கறியும் காய்கறியும் மூட்டை மூட்டையாக ஆர்டர் போனது. பெரிய கப்பல் படை வந்திருக்கிறது என்று சந்தையில் காது வைத்திருப்பவன் எழுதி அனுப்ப வேண்டும் அல்லவா? எனக்கு இதில் பிடித்தது இன்னொரு துண்டு. விக்ராந்தின் மாலுமி ஒருத்தர் தன் தாயாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது போல, சங்கேதம் போடாத ஒரு செய்தியையும் விட்டார்கள். பார்த்தால் யாரோ ஒருத்தன் விதியை மீறிவிட்டான் என்றே தோன்றும். எதிரிக்கு அது தங்கமாகத் தெரியும்.

டிசம்பர் 3ஆம் தேதி ராத்திரிக்கும் 4ஆம் தேதிக்கும் இடையில் காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடும் இன்றைக்கும் வேறு வேறு சொல்கின்றன. ராஜ்புத் போட்ட குண்டு என்று நாம் சொல்கிறோம். அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் மிட்வேயும் சொல்லலாம். 1942இல் ஜப்பானியச் செய்திகளில் "ஏஎஃப்" என்ற இடத்தைத் தாக்கப் போவதாக வருகிறது. அது பசிபிக் கடலில் அமெரிக்காவிடம் இருந்த மிட்வே தீவாக இருக்கும் என்று ஹவாயில் ரோச்ஃபோர்ட் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் குழு நினைத்தது. மேலிடம் நம்பவில்லை. உடனே கடலடிக் கேபிள் வழியாக மிட்வேக்கு ரகசியமாகச் சொல்லி, "எங்கள் குடிநீர் இயந்திரம் பழுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வயர்லெஸ்ஸில் புலம்ப வைத்தார்கள். ஓரிரு நாளில் ஜப்பானியச் செய்தி ஒன்று மாட்டியது: ஏஎஃப்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஜூன் மாதச் சண்டையில் ஜப்பான் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்களை இழந்தது. தான் நினைத்தது சரியா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்களே, அதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நீங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர், உங்களுக்கு நான் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும். பொய்ச் செய்தியைப் பரப்பி மனதைக் குலைக்கும் தகவல் போரைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன்.

நூல்கோன்_திருப்பூர்:

சுபேதாரய்யா வரும் வரை நான் கொஞ்சம் எழுதுகிறேன். ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், தையலும் செக்கிங்கும். பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள்.

டீச்சர், தகவல் போருக்கு உதாரணம் தேடி கராச்சி வரைக்கும் போக வேண்டாம். 2023 மார்ச் முதல் வாரம் திருப்பூரைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோ பரவியது. தமிழ்நாட்டு டிஜிபியாக அப்போது இருந்த சைலேந்திர பாபு அவர்களே வெளியே வந்து விளக்கம் சொன்னார்: ஒரு வீடியோ பீகார்த் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேருக்குள் நடந்த தகராறு. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்துப் பார்த்தது.

ஆனால் அதற்குள் என் யூனிட்டில் பாதி மிஷின் நின்றுவிட்டது. ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்தால் எந்தப் பையன் உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டுவான்? அதே வாரத்தில் ஹோலி வேறு. வழக்கமாகவே ஊருக்குப் போகும் கூட்டம் ஸ்டேஷனில் நின்றது. அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்து "பாருங்கள், ஓடுகிறார்கள்" என்று அதையும் போட்டார்கள். படம் நிஜம், கூட்டமும் நிஜம். மேலே எழுதிய வாசகம்தான் பொய். இதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் செக்கிங் பாட்டியம்மாவுக்கு இந்தி தெரியாது. வடக்கத்திப் பசங்களை உட்கார வைத்துத் தட்டில் சோறு போட்டு, "யாருடா உங்களை அடிக்கிறது, காட்டு" என்று கேட்டது. அதற்குப் பின் நாலைந்து பேர் டிக்கெட்டை ரத்து செய்தார்கள்.

பீளமேடு_மூணாவது_வருஷம்:

மிஸ், நான் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஒரு சின்ன ஆட்சேபம். இங்கே எல்லோரும் "பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்" என்றே பேசுகிறீர்கள். எங்கள் குடும்ப குரூப்பில் ஏடிஎம் எல்லாம் மூடப்போகிறார்கள் என்று அந்த மே மாதம் அனுப்பியது என் பெரியப்பா. ரிடையர்டு பேங்க் மேனேஜர்! அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பக்கம் அது பொய் என்று போட்டிருந்ததை நான்தான் எடுத்து அனுப்பினேன். "பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே" என்று திட்டு கிடைத்தது.

விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் வீடியோ என்று சுற்றியதில் சில ஆர்மா 3 கேம் காட்சிகள். எங்கள் கிளாஸ் பசங்க பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், அவர்கள் ராத்திரி பகலாக விளையாடுகிற கேம். அந்த கேமைத் தயாரிக்கும் செக் நாட்டு நிறுவனமே 2022இல், எங்கள் காட்சியைப் போர்ச் செய்தி என்று போடுகிறார்கள், இப்படி இப்படிக் கண்டுபிடியுங்கள் என்று விளக்கம் வெளியிட்டது.

எங்கள் வயசுக்காரர்கள் மாட்டுவது வேறு இடத்தில். அமெரிக்காவில் ஜாக் டெய்செய்ரா என்று ஒரு பையன், ஏர் நேஷனல் கார்டு என்ற விமானப்படைப் பிரிவில் இருந்தான். 2023இல் கைதானபோது 21 வயது. உக்ரைன் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் தன் கேமிங் நண்பர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். எந்த நாட்டுக்கும் விற்கவில்லை. தனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான். 15 வருஷம் ஜெயில். இதைச் சொல்லுங்கள் மிஸ். எங்களுக்கு உறைக்கும். "கவர்ச்சிப் பெண் போட்டோ அனுப்பி மயக்குவாள்" என்று ஆரம்பித்தால் பசங்க சிரிப்பார்கள், பொண்ணுங்க எழுந்து போய்விடுவோம்.

பழைய_சிக்னல்காரன்:

அம்மிணி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பெரியப்பாவிடம் என் பெயரைச் சொல்லி இன்னொரு முறை எதிர்த்துப் பேசு கண்ணு.

டீச்சர், தகவல் போருக்கு நான் ஒரு குறளோடு ஆரம்பிப்பேன். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 59ஆவது அதிகாரம் ஒற்றாடல். 589ஆவது குறள்:

ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்.

ஒரு ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி வைத்துக்கொள், அப்படிப்பட்ட மூன்று பேர் சொல்வதும் ஒத்து வந்தால் நம்பு என்கிறார். இதில் மூன்று என்ற எண்ணிக்கையை விட "ஒருவரை ஒருவர் அறியாமல்" என்பதுதான் வேலையே. பன்னிரண்டு குரூப்பில் வந்த செய்தி என்று பிள்ளைகள் சொல்வார்கள். பன்னிரண்டும் ஒரே ஆள் கிளப்பிவிட்டது என்றால் நம் கையில் இருப்பது ஒரு ஒற்றன்தான், அவனும் யார் என்று தெரியாத ஒற்றன். தகவல் போர் நடத்துகிறவன் ஒரு பொய்யைப் பல வாயிலிருந்து வருவது போலக் காட்டத்தான் போலிக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறான்.

இன்னொன்று. அவனுக்கு நாம் நம்ப வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. அவசரப்பட்டால் போதும், பயந்தால் போதும், எதையுமே நம்ப முடியாது என்று வெறுத்துப் போனாலும் போதும். 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி தன் படையைச் சரணடையச் சொல்வது போல ஒரு டீப்ஃபேக், அதாவது கணினியில் செய்த போலி வீடியோ, விட்டார்கள். மட்டமான வேலை, சீக்கிரமே பிடிபட்டது. ஆனால் அப்படி ஒன்று பார்த்த பிறகு நிஜமான வீடியோ வந்தாலும் ஒரு நொடி தயங்குவோம். அந்தத் தயக்கமும் அவனுக்கு லாபம்தான்.

நூல்கோன் தம்பி, உங்கள் ஊர் விஷயத்தை வெளிநாட்டுச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். லைக்குக்கும் வ்யூவுக்கும் ஆசைப்பட்டவனே அதைச் செய்ய முடியும். நாளைக்கு ஒரு எதிரி நாடு செய்தாலும் இதே வழியில்தான் செய்யும்: ஏற்கெனவே இருக்கிற சின்னப் புண்ணைத் தேடிப் பிடித்துச் சொறியும். உங்கள் ஸ்டேஷன் கூட்டப் படத்தை டீச்சர் கட்டாயம் வகுப்பில் காட்ட வேண்டும்.

நம் கண்ணெதிரே நடந்தது இன்னொன்று. 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சூலூரில் இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. தீயணைப்பு முடிவதற்குள் "விழும் காட்சி" என்று ஒரு வீடியோ சுற்றியது. அது 2020இல் சிரியாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டர். அதன் கூடவே சதி, அந்த நாடு, இந்த இயக்கம் என்று கதை கதையாக வந்தது. முப்படை விசாரணையின் முதல் முடிவுகள் 2022 ஜனவரியில்தான் வந்தன: திடீரென்று வானிலை மாறி மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசை தடுமாறியது, நாசவேலை இல்லை. ஒரு மாதத்துக்கும் மேலே ஆகிவிட்டது. வதந்திக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த இடைவெளியில் "இன்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பழக வேண்டும். பட்டாளத்தில் எங்களுக்கு இதைத் திட்டித் திட்டித்தான் பழக்கினார்கள். பதினாறு வயசுப் பிள்ளைக்குக் கஷ்டம்தான்.

இனி ஒரு கசப்பான விஷயம். அந்தக் கராச்சி வீடியோவை உங்கள் மாணவன் மட்டும் போடவில்லை, நம்முடைய சில டிவி சேனல்களே கராச்சி துறைமுகம் அழிந்தது என்று ராத்திரி முழுக்கக் கத்தின. நம் பக்கம் ஜெயித்ததாகச் சொல்லும் பொய்தானே என்று சிலர் விட்டுவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பங்கரில் உட்கார்ந்திருப்பவனின் வீட்டில் அதே டிவிதான் ஓடுகிறது. மறுநாள் அது பொய் என்று தெரிந்தால், அப்புறம் ராணுவமே உண்மையைச் சொன்னாலும் அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? தேசபக்தி குறைந்துவிடும் என்று பயந்து இதைத் தவிர்க்காதீர்கள் டீச்சர்.

அரசு ஏன் எல்லா ஆதாரத்தையும் காட்டுவதில்லை என்றும் கேட்பார்கள். கார்கில் ஒலிநாடாவைச் சொல்லுங்கள். 1999 மே கடைசியில் பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரப் பெய்ஜிங்கில் இருந்து ராவல்பிண்டியில் ஜெனரல் அஜீஸோடு பேசிய போன் பேச்சு நம்மிடம் சிக்கியது. ஊடுருவியது முஜாகிதீன் இல்லை, அவர்களுடைய ராணுவம்தான் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். ஜூன் 11ஆம் தேதி வெளியிட்டோம். உலகம் நம்பியது. ஆனால் வெளியிட்ட அன்றே, அந்த லைன் கேட்கப்படுகிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. வெளியிட்டது சரியா தப்பா? வகுப்பை இரண்டாகப் பிரித்துச் சண்டை போட விடுங்கள். நான் வெளியிட்டது சரி என்ற கட்சி. என் கூட வேலை பார்த்த ஒருத்தர் இன்னும் அதற்காக வயிறு எரிகிறார், தீபாவளிக்குப் போன் செய்தாலும் இதே பேச்சுதான்.

அதே கார்கிலில் ஊடுருவலை மே 3ஆம் தேதி முதலில் பார்த்துச் சொன்னவர்களில் ஒருத்தர், தொலைந்த யாக் மாட்டைத் தேடிப்போன தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர். பெரிய பெரிய ஏற்பாடுகள் தவறவிட்டதை பைனாகுலரோடு போன மாட்டுக்காரர் பார்த்தார். போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு போட்டு, 2002இல் பாதுகாப்பு உளவு முகமை வந்தது. அந்தப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மேய்ப்பரைச் சொன்னால் போதும்.

அறச்சலூரான்:

சுபேதாரய்யாவுக்கு வணக்கம். நம்ம ஊர்க் கதை ஒன்றை விட்டுவிட்டீர்கள். தீரன் சின்னமலைக்கு வெள்ளையர் முகாமுக்குள்ளேயே வேலப்பன் என்று ஒரு ஆள் இருந்ததாகவும், சேதியைச் செருப்புக்குள் வைத்து அனுப்பியதாகவும் அவர் கோட்டை இருந்த ஓடாநிலைப் பக்கம் சொல்வார்கள். படை வந்து பார்த்தபோது கோட்டை காலி, ஆனால் விட்டுப்போன செருப்புக்குள் கடிதம் இருந்து, அதனால் வேலப்பன் உயிர் போனதாம். செவிவழிக் கதைதான், இருந்தாலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலைக்குக் கூட்டி வாருங்கள், காட்டுகிறேன்.

கோபி_டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. கல்யாண வீட்டுப் பட்டியலை இன்றே எழுதிவிட்டேன். இரண்டு சந்தேகம். வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்க ஏதாவது வேலை கொடுக்கலாமா? அப்புறம் எங்கள் ஹெச்.எம். "ஒற்று வேலையைச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" என்று ஒரு மாதிரி பார்க்கிறார்.

பழைய_சிக்னல்காரன்:

ஹெச்.எம். ஐயாவிடம் அறத்துப்பாலுக்கு அடுத்த பாலில் அரசியல் இயலில் இருப்பதைத்தான் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். தமிழாசிரியரையும் கூட உட்கார வையுங்கள், அப்புறம் பேச மாட்டார்.

வேலை கொடுக்கலாம். ஒவ்வொருத்தனும் தான் ஏற்கெனவே வெளியே போட்ட ஒரு போட்டோவைக் கொண்டு வரட்டும். பெயரில்லாமல் மாற்றிக் கொடுத்து, இது எங்கே, எப்போது எடுத்தது என்று அடுத்தவனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்கிற வண்டியில் டிஎன் 36 என்று இருந்தால் கோபி, 33 என்றால் ஈரோடு, 56 என்றால் பெருந்துறை. தூரத்தில் தெரிவது சென்னிமலையா சிவன்மலையா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, வயலில் நடவா அறுப்பா. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதம் தெரிந்தவனுக்கு மாதமே தெரிந்துவிடும். 2014இல் மலேசிய விமானம் எம்எச் 17ஐ வீழ்த்திய ஏவுகணை வண்டி எந்த வழியாக வந்தது என்று வெளியே இருந்த சாதாரண ஆட்கள் இப்படித்தான் போட்டோவையும் வீடியோவையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

அது முடிந்ததும் ஸ்ட்ராவாவைச் சொல்லுங்கள். ஓடுகிறவர்கள் போனில் வைத்துக்கொள்ளும் ஆப். எல்லோரும் ஓடிய தடத்தையும் சேர்த்து 2017 நவம்பரில் உலக வரைபடமாகப் போட்டார்கள். பாலைவனத்தின் நடுவில் வட்டம் வட்டமாக வெளிச்சம். அமெரிக்கப் படை முகாம்களில் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடம்! 2018 ஜனவரியில் அதை முதலில் கவனித்துச் சொன்னது ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி மாணவர். நம் ராணுவமும் 2020இல் 89 ஆப்களைப் போனிலிருந்து எடுக்கச் சொன்னது. ரயிலில் பட்டாளத்து வண்டி போவதைப் பார்த்து ரீல்ஸ் எடுக்கிற பையன்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உளவாளியைப் பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. தெருவில் போர்வை விற்க வந்தவனையும் இந்தி பேசுகிறவனையும் நிறுத்தி ஆதார் கேட்கிற வேலை நம்முடையது இல்லை. சந்தேகம் என்றால் போலீசுக்கு ஒரு போன், அதோடு சரி. 2018இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அதற்கும் வீடியோதான் காரணம்.

சனிக்கிழமை நான் கோபிக்கு உரம் வாங்க வருவேன். பத்து மணிக்கு மேல் என்றால் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். மேடையெல்லாம் வேண்டாம், சால்வையும் வேண்டாமுங்க.